மென்பொருள் கொள்கலன்களும் அதிகார வரம்பும்

நாட்டின் நலத்திட்டப் பயன்கள் மக்களைச் சென்றடையும் வழி அண்மை ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை, பொது விநியோகம், நிலப் பதிவேடு, வரி வசூல் ஆகிய பலவற்றிலும் காகிதக் கோப்பின் இடத்தைக் கணிப்பொறி எடுத்துக்கொண்டுள்ளது. மத்திய அரசின் மேகராஜ் திட்டத்தின்கீழ் 2014-ஆம் ஆண்டில் தேசிய தகவலியல் மையம் தொடங்கிய மேகக் கணிமைச் சேவை, ஒவ்வொரு துறையும் தனக்கெனக் கணிப்பொறிகளை வாங்கிக் குவிக்கும் முறைக்கு மாற்றாக, பொதுவான கணிப்பொறி வளத்தைப் பல துறைகள் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு வழி வகுத்தது. பகிர்வினால் சிக்கனம் உண்டாகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், பகிர்ந்து வாழும் இடத்தில் ஒருவர் செய்யும் பிழை அண்டையிலுள்ள அனைவரையும் தாக்கக்கூடும் என்பதும் உண்மையே.

கணிப்பொறி வளத்தைப் பகிர்ந்துகொள்ள இன்று உலகெங்கும் பயன்படும் கருவிகளுள் முதன்மையானது மென்பொருள் கொள்கலன் ஆகும். ஒரு கொள்கலனுக்கு எவ்வளவு அதிகாரம் வழங்குவது என்பது பெரும்பாலும் ஒரே வரியில் எழுதப்படும் அமைப்பினால் முடிவாகிறது. அந்த வரியை எழுதுபவர் ஓர் இளநிலைப் பொறியாளராக இருக்கலாம். மறுநாள் காலைக்குள் சேவை தொடங்கியாக வேண்டும் என்ற நெருக்கடியில் அவர் அதனை எழுதியிருக்கலாம். அதன் விளைவைச் சுமப்பவரோ, அக்கணிப்பொறியில் தம் வங்கிக் கணக்கு எண்ணையும் மருத்துவக் குறிப்பையும் ஒப்படைத்துள்ள குடிமகன். ஆகவே, ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் வழங்கும் அலுவலரும், நாளை இத்துறையில் பணியாற்றவிருக்கும் மாணவரும் இவ்வமைப்புகளின் பொருளைத் தெளிவாக அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கொள்கலன் என்பது யாது?

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் 58 சரக்குப் பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பியதிலிருந்து சரக்குப் போக்குவரத்தின் பொருளாதாரமே மாறியது. பெட்டிக்குள் இருப்பது எதுவாயினும், பெட்டியின் அளவு ஒன்றே என்பதால் கப்பலும் ரயிலும் லாரியும் அதனை எளிதில் கையாள முடிந்தது. மென்பொருள் கொள்கலனும் இக்கருத்தையே பின்பற்றுகிறது. ஒரு நிரலும், அது இயங்கத் தேவையான துணைக் கோப்புகளும் ஒரே பொதியாகக் கட்டப்படுகின்றன. அப்பொதி எந்த லினக்ஸ் கணிப்பொறியிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இயங்கும்.

கொள்கலனையும் மெய்நிகர் கணிப்பொறியையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் உண்டு, அது சரியன்று. மெய்நிகர் கணிப்பொறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயக்க அமைப்பு உண்டு. அது தனி வீட்டுக்கு ஒப்பானது. கொள்கலன்களோ ஒரே கணிப்பொறியின் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. கெர்னல் என்பது நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகியவற்றை நிரல்களுக்குப் பங்கிட்டுத் தரும் இயக்க அமைப்பின் மையப் பகுதி. எனவே கொள்கலனை ஒண்டுக் குடித்தனத்துக்கு ஒப்பிடலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை, தனிப் பூட்டு. ஆனால் கிணறும் கூரையும் தெருக்கதவும் பொது. இடம் மிச்சமாகிறது, வாடகையும் குறைகிறது. ஆயினும் கிணற்றில் யாரேனும் எதையேனும் கலந்துவிட்டால் தப்பும் குடும்பம் இராது.

ரூட் என்னும் முழு அதிகாரம்

1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் அமைப்பிலிருந்தே லினக்ஸ் தன் அதிகார முறையைப் பெற்றது. இம்முறையில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. பயனரின் பெயர் மனிதர்களின் வசதிக்காக மட்டுமே. கெர்னல் பார்ப்பது எண்ணைத்தான். பூஜ்யம் என்ற எண்ணுக்குரியவர் ரூட் எனப்படுகிறார். அவருக்குக் கெர்னல் பெரும்பாலும் எதையும் மறுப்பதில்லை. எந்தக் கோப்பையும் அவர் படிக்கலாம், எந்த நிரலையும் நிறுத்தலாம், வட்டையே அழிக்கலாம். மற்ற எண்களுக்குரியவர்களுக்கு இவற்றுள் எதுவும் இயலாது.

முழு அதிகாரம் அல்லது அதிகாரமே இன்மை என்ற இந்த இருநிலை அமைப்பு எளிமையானது; ஆனால் ஆபத்தானது. 1975-ஆம் ஆண்டில் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இரு அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரை, கணிப்பொறிப் பாதுகாப்பின் அடிப்படை விதிகளை வகுத்துரைத்தது. ஒவ்வொரு நிரலும் தன் பணிக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்துடன் மட்டுமே இயங்க வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அரசு நிர்வாகத்தில் நிதி அதிகாரப் பகிர்வு விதிகளைக் கையாண்டவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. சில்லறைச் செலவினத்துக்கு ஒப்புதல் அளிக்க வேண்டிய அலுவலரிடம் துறையின் முழு நிதியையும் யாரும் ஒப்படைப்பதில்லை.

இவ்விதியைச் செயற்படுத்தும் முதல் முயற்சியாக, 1999-இல் வெளிவந்த லினக்ஸ் 2.2 பதிப்பு ரூட்டின் அதிகாரத்தைத் துண்டுகளாகப் பிரித்தது. இத்துண்டுகள் கேப்பபிலிட்டி எனப்படுகின்றன. இவற்றை அதிகாரக் கூறுகள் எனலாம். கோப்பின் உரிமையாளரை மாற்றுதல் ஒரு கூறு. கடிகார நேரத்தை மாற்றுதல் மற்றொன்று. கெர்னலில் புதிய பகுதிகளைச் சேர்த்தல் வேறொன்று. காலப்போக்கில் இவற்றின் எண்ணிக்கை 41 ஆக வளர்ந்துள்ளது. எனினும் பங்கீடு சமமாக அமையவில்லை. சிஸ் அட்மின் என்னும் கூறு ஒன்றிலேயே அளவுக்கு மீறிய அதிகாரங்கள் குவிந்துவிட்டன. அதனை வழங்குவது ஏறத்தாழ ரூட்டையே வழங்குவதற்கு ஒப்பாகும்.

பெயர்வெளிகளின் தோற்றம்

நிரல்களைத் தனி அறையில் அடைத்துவைக்கும் எண்ணம் பழமையானது. 1979-இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற சிஎச்ரூட் என்னும் வசதி, ஒரு நிரலுக்குக் கோப்புகளின் ஒரு பகுதியை மட்டுமே உலகமாகக் காட்டியது. 2000-ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி அமைப்பு, ஜெயில் என்ற பெயரில் இதனை மேலும் வலுப்படுத்தியது. லினக்ஸில் இப்பணியைச் செய்வன பெயர்வெளிகள் ஆகும்.

ஒரு பெயர்வெளிக்குள் இயங்கும் நிரல், கணிப்பொறியின் ஏதேனும் ஒரு வளத்தின் தனிப் பிரதியைத் தன்னுடையதாகக் காண்கிறது. 2002-இல் கோப்பு அடுக்குகளுக்கான பெயர்வெளி முதலில் வந்தது. பின்னர், கணிப்பொறியின் பெயர், நிரல்களுக்கிடையிலான செய்திப் பரிமாற்றம், நிரல்களின் எண்கள், வலையமைப்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பெயர்வெளிகள் சேர்க்கப்பட்டன. இன்று லினக்ஸில் எட்டு வகைப் பெயர்வெளிகள் உள்ளன. நினைவகத்திலும் கணிப்புத் திறனிலும் ஒவ்வொரு கொள்கலனும் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை சிகுரூப் என்னும் மற்றோர் அமைப்பு கவனித்துக்கொள்கிறது. இவ்விரண்டையும் சாதாரண நிரலாளரும் எளிதில் பயன்படுத்தும்படி ஒருங்கிணைத்ததே 2013-இல் அறிமுகமான டாக்கரின் சாதனையாகும்.

எட்டு வகைகளுள் மிகத் தாமதமாக முழுமை பெற்றவற்றுள் ஒன்று பயனர் பெயர்வெளி. அது 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.8 பதிப்பில்தான் பயன்பாட்டுக்குரிய நிலையை அடைந்தது. மற்றப் பெயர்வெளிகள் நிரலின் பார்வையை வரம்பிடுகின்றன. பயனர் பெயர்வெளியோ நிரலின் அதிகாரத்தையே வரம்பிடுகிறது.

எண் மாற்றம் நிகழும் விதம்

பயனர் பெயர்வெளி இல்லாத கொள்கலனில், உள்ளே பூஜ்யம் என்ற எண்ணுடன் இயங்கும் நிரல் வெளியே தாங்கு கணிப்பொறியிலும் பூஜ்யமே. அறைக்குள் அடைக்கப்பட்டிருக்கிறதே தவிர, அது உண்மையான ரூட்தான். சுவரில் ஒரு விரிசல் ஏற்பட்டால், வெளியே வருவது முழு அதிகாரம் பெற்ற ஒரு நிரல்.

பயனர் பெயர்வெளி உள்ள கொள்கலனுக்கு ஓர் எண் மாற்று அட்டவணை வழங்கப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு கொள்கலனுக்கு 100000 என்ற எண்ணில் தொடங்கி 65536 எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். கொள்கலனுக்குள் பூஜ்யம் எனத் தோன்றும் ரூட், வெளியே 100000 என்ற எண்ணுக்குரிய சாதாரணப் பயனராவார். உள்ளே 33 என்ற எண்ணில் இயங்கும் வலைச் சேவை நிரல், வெளியே 100033. உள்ளே 1000 என்பது வெளியே 101000. அடுத்த கொள்கலனுக்கு 165536-இல் தொடங்கும் எண் தொகுதியை ஒதுக்கினால், அதன் ரூட் வெளியே 165536 ஆவார். இரு கொள்கலன்களின் ரூட்களும் ஒருவர் கோப்பை மற்றவர் தம் அதிகாரத்தால் தொட முடியாது. அட்டவணையில் இடம்பெறாத எவருடைய கோப்பும் உள்ளிருந்து பார்க்கும்போது 65534 என்ற அடையாளமற்ற எண்ணுக்குரியதாகவே காட்சியளிக்கும்.

இங்கு மாணவர்களைக் குழப்பும் ஒரு செய்தி உண்டு. புதிய பயனர் பெயர்வெளியை உருவாக்கும் நிரல் அதற்குள் எல்லா அதிகாரக் கூறுகளையும் பெறுகிறது. ஆனால் அவை அப்பெயர்வெளிக்கு உரிமையான வளங்களின்மீது மட்டுமே செல்லும். கருவூல அலுவலர் ஒருவரின் கையொப்பம் அவருடைய கருவூலத்தில் பணத்தை விடுவிக்கும். அடுத்த மாவட்டக் கருவூலத்தில் அதே கையொப்பம் வெறும் மைக்கோடு. அவ்வாறே, கொள்கலனுக்குள் இருக்கும் ரூட் தன் வலையமைப்பை மாற்றலாம். தன் எண் தொகுதிக்குள் பயனர்களை மாற்றலாம். தன் கோப்புகளின் உரிமையை மாற்றலாம். ஆனால் கணிப்பொறியின் கடிகாரத்தை மாற்றவோ, கெர்னலில் புதிய பகுதியைச் சேர்க்கவோ, வட்டு போன்ற சாதனங்களுக்கான கோப்புகளை உருவாக்கவோ அதனால் இயலாது. இவை அனைத்துக்கும் பொதுவானவை. ஆகவே மூலப் பெயர்வெளியின் அதிகாரத்துக்கு உட்பட்டவை.

பிரிவிலெஜ்டு என்னும் ஒரு சொல்

டாக்கர் தன் வழக்கமான அமைப்பில், கொள்கலனின் ரூட்டுக்கு 14 அதிகாரக் கூறுகளை மட்டுமே விட்டுவைக்கிறது. அத்துடன், கெர்னலிடம் நிரல்கள் வைக்கும் 300-க்கும் மேற்பட்ட வகைக் கோரிக்கைகளுள் ஏறத்தாழ 44-ஐ செக்காம்ப் என்னும் வடிகட்டி மூலம் தடுக்கிறது. ஆப்ஆர்மர், எஸ்இலினக்ஸ் ஆகிய கட்டாயக் கட்டுப்பாட்டு அமைப்புகள் மூன்றாவது அரணாக நிற்கின்றன.

பிரிவிலெஜ்டு என்ற ஒரே சொல்லைச் சேர்த்துக் கொள்கலனைத் தொடங்கினால் இவ்வரண்கள் ஒருங்கே விலகுகின்றன. எல்லா அதிகாரக் கூறுகளும் திரும்பக் கிடைக்கின்றன, வடிகட்டி நீங்குகிறது, கணிப்பொறியின் எல்லாச் சாதனங்களும் கொள்கலனுக்குத் திறந்துவிடப்படுகின்றன. அத்தகைய கொள்கலனில் உள்ள நிரல், தாங்கு கணிப்பொறியின் வட்டையே தனக்குள் இணைத்துப் படிக்கவும் எழுதவும் முடியும். பெயரளவில் அது கொள்கலன். நடைமுறையில் அது தெருக்கதவின் சாவியைப் பெற்ற குடித்தனக்காரர்.

இச்சொல்லைப் பொறியாளர்கள் ஏன் எழுதுகிறார்கள்? ஒரு நிரல் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தியுடன் நின்றுவிடும்போது, அதற்குத் தேவையான ஒரே ஓர் அதிகாரக் கூறு எது என்று கண்டறிய நேரமும் பொறுமையும் தேவை. பிரிவிலெஜ்டு என்று எழுதினால் நிரல் உடனே இயங்கிவிடும். பொருளியலில் புறவிளைவு என்று கூறப்படும் நிலையை இங்கு காணலாம். நேரத்தை மிச்சப்படுத்திய ஆதாயம் ஒருவருக்கு. இடர்ப்பாட்டின் சுமை அக்கணிப்பொறியைப் பகிரும் அனைவருக்கும். சந்தையில் புகையைக் கக்கும் ஆலைக்கு உள்ள பிரச்சினையே இங்கும் உள்ளது. எனவே தனியொருவரின் நல்லெண்ணத்தை நம்பியிராமல், விதியினால் இதனைக் கட்டுப்படுத்த வேண்டியுள்ளது.

வேறு சில அமைப்புகளும் இதே விளைவை மறைமுகமாக உண்டாக்குகின்றன. டாக்கரின் கட்டுப்பாட்டு வாயிலான சாக்கெட் கோப்பை ஒரு கொள்கலனுக்குள் இணைத்துத் தருவது, கணிப்பொறி முழுவதையும் தருவதற்குச் சமம். ஒரு பயனரை டாக்கர் குழுவில் சேர்ப்பதும் அவ்வாறே. தணிக்கையின்போது பிரிவிலெஜ்டு என்ற சொல் இல்லை என்று மட்டும் பார்த்து மனநிறைவு கொள்வது போதாது.

இரு நிகழ்ச்சிகள் தரும் படிப்பினை

2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கொள்கலன்களைத் தொடங்கிவைக்கும் ரன்சி என்னும் அடிப்படை நிரலில் ஒரு குறைபாடு வெளியிடப்பட்டது. இயங்கிக்கொண்டிருக்கும் கொள்கலனுக்குள் ஒரு கட்டளையைச் செலுத்த ரன்சி உள்ளே நுழைகிறது. அத்தருணத்தில், உள்ளே காத்திருக்கும் தீய நிரல் ரன்சியின் கோப்பையே பற்றிக்கொண்டு அதன்மேல் தன் நிரலை எழுதிவிட முடிந்தது. அடுத்த முறை தாங்கு கணிப்பொறியின் ரூட் ரன்சியை இயக்கும்போது, உண்மையில் இயங்குவது தாக்குபவரின் நிரல். ஆப்ஆர்மரின் வழக்கமான விதிகள் இதனைத் தடுக்கவில்லை. ஆனால், பயனர் பெயர்வெளியை முறையாக அமைத்திருந்த இடங்களில் இத்தாக்குதல் பலிக்கவில்லை. ரன்சி கோப்பின் உரிமையாளர் வெளியிலுள்ள பூஜ்யம். உள்ளிருந்து எழுத முயன்றவரோ 100000 போன்ற ஓர் எண்ணுக்குரிய சாதாரணப் பயனர். கெர்னல் அனுமதி மறுத்துவிடுகிறது.

2024 ஜனவரி இறுதியில் அதே ரன்சியில் மற்றொரு குறைபாடு வெளிப்பட்டது. கொள்கலனைத் தொடங்கும்போது, தாங்கு கணிப்பொறியின் கோப்பு அடுக்கை நோக்கித் திறந்த ஒரு வழியை ரன்சி மூடாமல் விட்டிருந்தது. அவ்வழியே வெளியேறும் நிரல் ரூட்டாக இருந்தால் எல்லாக் கோப்புகளும் அதன் கையில். பயனர் பெயர்வெளி இருந்தால், அனைவருக்கும் திறந்துவைக்கப்பட்ட கோப்புகளை மட்டுமே அது அணுக முடியும். விரிசல் இரண்டிலும் உண்டு. சேதத்தின் அளவுதான் வேறு.

நாணயத்தின் மறுபக்கம்

இவ்வளவு பயனுள்ள வசதியை எல்லா இடங்களிலும் உடனே திறந்துவிடலாமே என்ற வினா எழலாம். பயனர் பெயர்வெளியைச் சாதாரணப் பயனரும் உருவாக்க முடியும் என்பதில்தான் சிக்கல் உள்ளது. முன்னர் ரூட் மட்டுமே அணுகக்கூடியதாக இருந்த கெர்னலின் பல பகுதிகள், இதனால் யாவருக்கும் எட்டக்கூடியவை ஆயின. ரூட்டைத் தவிர வேறெவரும் வரமாட்டார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட அப்பகுதிகளில் பழைய பிழைகள் உறங்கிக்கிடந்தன.

2022 ஜனவரியில் வெளியான கெர்னல் குறைபாடு ஒன்று இதற்குத் தக்க சான்றாகும். கோப்பு அடுக்குகளை இணைக்கும் பகுதியில் நினைவக எல்லையைச் சரிபார்ப்பதில் நேர்ந்த பிழை அது. அதனைப் பயன்படுத்த சிஸ் அட்மின் அதிகாரக் கூறு தேவை. ஆனால் சாதாரணப் பயனர் ஒருவர் புதிய பயனர் பெயர்வெளியை உருவாக்கிக்கொண்டாலே, அதற்குள் அக்கூறு அவருக்குக் கிடைத்துவிடுகிறது. இவ்வகையில் காப்பாக அமைந்த வசதியே தாக்குதலுக்குப் படிக்கட்டாயிற்று. டாக்கரின் வழக்கமான வடிகட்டி, கொள்கலனுக்குள்ளிருந்து புதிய பெயர்வெளியை உருவாக்கும் கோரிக்கையைத் தடுப்பதால், அவ்வடிகட்டி இருந்த இடங்களில் இவ்வழி அடைபட்டிருந்தது. வடிகட்டி நீக்கப்பட்ட இடங்களில் வழி திறந்திருந்தது.

இதனால் லினக்ஸ் வழங்கும் அமைப்புகள் வெவ்வேறு முடிவுகளை எடுத்தன. டெபியன், 2021-இல் வெளியான 11-ஆம் பதிப்பு வரை, சாதாரணப் பயனர்கள் இதனை உருவாக்குவதைத் தடைசெய்தே வைத்திருந்தது. உபுன்டு, 2024 ஏப்ரலில் வெளியான 24.04 பதிப்பிலிருந்து, ஆப்ஆர்மர் விதியில் அனுமதி பெற்ற நிரல்கள் மட்டுமே இதனை முழுமையாகப் பயன்படுத்த இடமளிக்கிறது. முற்றிலும் தடைசெய்வதும் எளிதன்று. குரோம் போன்ற வலை உலாவிகள், இணையப் பக்கங்களிலிருந்து வரும் தீய நிரல்களை அடைத்துவைக்க இப்பெயர்வெளியையே பயன்படுத்துகின்றன. ஆகவே, கொள்கலன்களைத் தொடங்கும் பொறுப்புள்ள நிரலுக்கு அனுமதியும், கொள்கலனுக்குள் இயங்கும் சேவை நிரலுக்கு மறுப்பும் என்ற பாகுபாடே அறிவுடைமை ஆகும்.

நடைமுறைத் தடைகளும் தீர்வுகளும்

டாக்கர் 2016 பிப்ரவரியில் வெளியிட்ட 1.10 பதிப்பிலேயே எண் மாற்ற வசதியை வழங்கிவிட்டது. ஆயினும் அது வழக்கமான அமைப்பாக வைக்கப்படவில்லை. இதற்கு முதன்மைக் காரணம் கோப்புகளின் உரிமையாகும். வட்டில் உள்ள கோப்பில் உரிமையாளரின் எண் பதிவாகியுள்ளது. எண் மாற்றத்தைப் புகுத்தியவுடன், நேற்றுவரை தன் தரவுக் கோப்பில் எழுதிவந்த நிரல் இன்று அயலாராகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளின் உரிமையை ஒவ்வொன்றாக மாற்ற நேர்ந்தால், கொள்கலன் தொடங்கவே நெடுநேரமாகும். மேலும், டாக்கரின் இம்முறை எல்லாக் கொள்கலன்களுக்கும் ஒரே எண் தொகுதியைத் தருவதால், தாங்கு கணிப்பொறிக்குக் காப்பு கிடைத்ததேயன்றிக் கொள்கலன்களுக்கிடையே காப்புக் கிடைக்கவில்லை.

முதல் தடைக்கு 2021 ஏப்ரலில் லினக்ஸ் 5.12 பதிப்பு தீர்வு கண்டது. கோப்பு அடுக்கை இணைக்கும் நேரத்திலேயே உரிமை எண்களை மாற்றிக் காட்டும் வசதியை அது அறிமுகப்படுத்தியது. வட்டில் எதுவும் மாறுவதில்லை. பார்க்கும் கண்ணாடிதான் மாறுகிறது. இன்றும் எல்லாக் கோப்பு முறைகளும் இவ்வசதியை ஏற்பதில்லை என்பதால், தரவு எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பதை முன்கூட்டியே ஆராய வேண்டும்.

மற்றொரு வழி, கொள்கலன்களை நிர்வகிக்கும் நிரலையே ரூட் அல்லாத சாதாரணப் பயனராக இயக்குவதாகும். போட்மேன் இம்முறையைத் தொடக்கக் காலத்திலிருந்தே வலியுறுத்தி வந்துள்ளது. டாக்கரும் 2019-இல் சோதனை அளவிலும், 2020 டிசம்பரில் முழு அளவிலும் இதனை வழங்கியது. இதற்கும் விலை உண்டு. 1024-க்குக் குறைவான எண்ணுள்ள வலை வாயில்களைச் சாதாரணப் பயனர் வழக்கமாகத் திறக்க முடியாது. வலையமைப்பின் வேகமும் சில சூழல்களில் குறைகிறது. பயிற்சிக்கூடங்களுக்கும் பல்கலைக்கழகக் கணிப்பொறி மையங்களுக்கும் இம்முறை மிகப் பொருத்தமானது.

பல கணிப்பொறிகளில் பல்லாயிரம் கொள்கலன்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் அமைப்பில் பயனர் பெயர்வெளி, 2022 ஆகஸ்டில் வெளியான 1.25 பதிப்பில் சோதனை அளவில் இடம்பெற்றது. 2025 ஏப்ரலில் வெளிவந்த 1.33 பதிப்பிலிருந்து தனி அனுமதியின்றியே இதனைப் பயன்படுத்தலாம். ஆயினும் ஒவ்வொரு சேவைக்கும் இதனைக் கேட்டுப் பெற வேண்டும். கேளாதவர்க்குப் பழைய முறையே தொடரும். கேட்டுப் பெறும் ஒவ்வொரு பாடுக்கும், அதாவது சேர்ந்து இயங்கும் ஒவ்வொரு கொள்கலன் குழுவுக்கும், ஒன்றோடொன்று மோதாத 65536 எண்கள் கொண்ட தனித் தொகுதி ஒதுக்கப்படுகிறது. டாக்கர் முறையில் இருந்த இரண்டாவது குறையும் இவ்வாறு நீங்குகிறது. சேவைகளின் அதிகாரத்தை முழு அனுமதி, அடிப்படைக் கட்டுப்பாடு, கடுங்கட்டுப்பாடு என மூன்று நிலைகளாகவும் குபர்நெட்டீஸ் வகுத்துள்ளது. கடுங்கட்டுப்பாட்டு நிலையில் அதிகாரக் கூறுகள் அனைத்தும் நீக்கப்பட வேண்டும். குறைந்த எண்ணுள்ள வலை வாயிலைத் திறக்கும் கூறு ஒன்றை மட்டுமே திரும்பச் சேர்க்கலாம்.

நிர்வாகம் கவனிக்க வேண்டியவை

தொழில்நுட்பம் இவ்வளவு முன்னேறிய பின்னரும், எந்த அமைப்பைத் தேர்வது என்பது மனிதரின் முடிவாகவே உள்ளது. துறைத் தலைவர்கள் நிரல் எழுத வேண்டியதில்லை. ஆனால் சில வினாக்களை எழுப்ப வேண்டும்.

முதலாவதாக, துறையின் கணிப்பொறிகளில் பிரிவிலெஜ்டு அமைப்பில் இயங்கும் கொள்கலன்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எழுத்து வடிவில் காரணம் உள்ளதா என்று கேட்க வேண்டும். கணிப்பொறியையே கண்காணிக்கும் சில கருவிகளுக்கு இவ்வதிகாரம் நியாயமாகவே தேவைப்படலாம். காரணம் பதிவாகியிருந்தால் ஆண்டுதோறும் அதனை மறுபரிசீலனை செய்ய முடியும்.

இரண்டாவதாக, சேவை நிரல் கொள்கலனுக்குள் ரூட்டாக இயங்க வேண்டிய தேவை உண்மையில் உள்ளதா என்று ஆராய வேண்டும். பெரும்பாலான வலைச் சேவைகளுக்கு அத்தேவை இல்லை. தேவை உள்ள இடத்தில் பயனர் பெயர்வெளியை வற்புறுத்த வேண்டும்.

மூன்றாவதாக, அதிகாரக் கூறுகள் அனைத்தையும் நீக்கிவிட்டுத் தேவையானவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் முறையை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் பின்னர் குறைக்கலாம் என்னும் வாக்குறுதி நிறைவேறுவது அரிது. இயங்கும் சேவையில் கைவைக்க எவரும் துணிவதில்லை.

நான்காவதாக, கெர்னலையும் ரன்சி போன்ற அடிப்படை நிரல்களையும் எத்தனை நாட்களுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்று காலவரையறை வகுக்க வேண்டும். பெயர்வெளியும் வடிகட்டியும் கெர்னலின் பிழையைத் திருத்துவதில்லை. திருத்தும் வரை சேதத்தைக் குறைக்கின்றன. மிக அந்தரங்கமான தரவுகளைக் கையாளும் சேவைகளுக்கு, செலவு கூடினாலும், தனி மெய்நிகர் கணிப்பொறியே உகந்தது.

சட்டத்தின் போக்கும் இத்திசையிலேயே உள்ளது. இந்தியக் கணிப்பொறி அவசரகால நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைகள், பாதுகாப்பு மீறல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், இயக்கப் பதிவேடுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்கவும் பணித்தன. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு நடவடிக்கைகளை மேற்கொள்ளத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. எது நியாயமான நடவடிக்கை என்ற கேள்வி எழும்போது, ஒரு வரியில் தவிர்த்திருக்கக்கூடிய அதிகாரத்தை ஏன் வழங்கினீர்கள் என்ற வினாவுக்கும் விடை கூற வேண்டிவரும்.

முடிவுரை

பயனர் பெயர்வெளி எல்லா நோய்க்கும் மருந்தன்று. அதிகாரக் கூறுகளைக் குறைத்தல், வடிகட்டி, கட்டாயக் கட்டுப்பாடு, காலந்தவறாத புதுப்பிப்பு ஆகியவற்றோடு சேரும்போதே அது முழுப்பயன் தரும். ஆயினும் அது கற்பிக்கும் பாடம் கணிப்பொறிக்கு அப்பாலும் பொருந்துவது. ஒருவர் தம் எல்லைக்குள் தடையின்றிப் பணியாற்றப் போதுமான அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். அவ்வதிகாரம் எல்லையைக் கடந்ததும் செல்லாததாக வேண்டும். நல்ல நிர்வாகம் நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவரும் இந்நெறியைக் கெர்னல் இப்போது எண்களால் நிறைவேற்றித் தருகிறது. அதனைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு துறைகளுடையது. தொலைதூரச் சிற்றூரில் ஓய்வூதியத்துக்கு விரல் ரேகை பதிக்கும் முதியவர் இவ்வமைப்புகளின் பெயரை ஒருபோதும் அறியப்போவதில்லை. அவர் அறியாமலேயே அவருடைய தரவு காக்கப்படுமாயின், அதுவே இத்துறையில் உழைப்போர் பெறக்கூடிய நற்சான்று.